வாத்துக்கு விதைத்த குதிரைவாலி

யோகப்பிரியா குதிரைவாலி விதைத்தது தின்பதற்கும் அல்ல, விற்பதற்கும் அல்ல. ஏரிக்குக் காட்டு வாத்து வரவேண்டும், அதற்காக. ஊரே சிரித்தது. சிரிக்கட்டுமே, யாருக்கு என்ன போச்சு! புருஷனைத் தொலைத்தவள் அவள்தானே.

ஐப்பசி மழையில் வேலந்தாவளம் சந்தைக்கு மாடு வாங்கப் போன ரமேஷ்குமார் திரும்பவில்லை. வாங்கிய மாடு மட்டும் வயிறுவரை ஏரிச் சேறோடு, கயிற்றை இழுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றது. தீயணைப்புக்காரர்கள் இரண்டு நாள் ஏரியைத் துழாவிவிட்டுக் கையை விரித்தார்கள். அதற்குள் யாரோ ஒரு புண்ணியவான், அவனை எல்லைக்கு அந்தப் பக்கம் கஞ்சிக்கோட்டில் ஒரு பெண்ணோடு பார்த்ததாகக் கிளப்பிவிட்டான். அவ்வளவுதான், செத்தவன் ஒரே நாளில் ஓடிப்போனவன் ஆகிவிட்டான். அழுவதா, காறித் துப்புவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஏரியில் மீன் குத்தகை எடுத்திருந்த காளிச்சாமிதான் ஒருநாள் சொன்னார்.

"அம்முணி, பொணங் கெடக்கிற எடத்துல காட்டு வாத்து உக்காராது. மேயவும் மேயாது. நாங் கண்ணால பாத்திருக்கறேன்."

"நம்ம ஏரிக்கு வாத்தே வர்றதில்லீங்களே மாமா?"

"தீனி இருந்தா வருது. தண்ணி வத்தற கரையில குதிரைவாலியத் தூவி உடு."

கார்த்திகையில் தண்ணீர் பின்வாங்கியதும், வெள்ளம் கொண்டுவந்து தள்ளிய வண்டலில் முழங்கால்வரை இறங்கி, வீட்டுக்குப் பின்னால் கரை முழுக்க வெறுங்காலால் மிதித்து மிதித்து விதைத்தாள். பயிர் தளதளவென்று வந்தது.

மாசியில் ஒரு விடியற்காலை பின்கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஏரியும் கரையும் கறுத்துக் கிடந்தன. அத்தனையும் வாத்து. பறக்கும்போதே சீழ்க்கை அடிக்கிற ஜாதி அது. எப்போது வந்து இறங்கின? ஒன்றுகூட வாயைத் திறக்கவில்லை. கதிர் உருவும் சரசரப்பு மட்டும் கேட்டது.

தண்ணீரைப் பார்த்தாள். மதகு, நடு ஏரி, கிழக்கு மூலை என்று கையகல இடம் விடாமல் உட்கார்ந்திருந்தன. அப்படியென்றால் அவன் தண்ணீரில் இல்லை. கஞ்சிக்கோட்டில்தான் இருக்கிறான்.

"அடப் பாவி! நல்லா இரு சாமி, நல்லா இரு!"

நான்கு மாதம் அடக்கியதெல்லாம் வெடித்துக்கொண்டு வந்தது. வாய்விட்டுக் கதறினாள். அந்தச் சத்தத்துக்கும் ஒரு வாத்து பறக்கவில்லை. மேய்ந்து முடித்து, வரிசையாகத் தண்ணீருக்குள் இறங்கின. வெளிச்சம் வந்தபோது கரையில் வெறும் தட்டைதான் நின்றது.

ஓரிடம் தவிர. வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஆறடி நீளம், இரண்டடி அகலம். அங்கே ஒரு மணிகூடக் குறையவில்லை. கதிர்கள் கனத்துத் தலை சாய்ந்திருந்தன. சுற்றிலும் சேற்றில் வாத்துக் கால்தடம் நெருக்கமாகப் பதிந்திருந்தது. உள்ளே ஒன்றுகூட இல்லை.

அருகில் போனாள். இந்த இடத்தை எத்தனை தடவை மிதித்திருப்பாள்! அவன் ஓடிப்போகவில்லை, வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தான். ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. சீ, என்ன ஜென்மம் நான் என்று உடனே தன்மேலேயே அருவருப்பு வந்தது.

மண்டியிட்டுக் கையாலேயே சேற்றைத் தோண்டத் தொடங்கினாள்.

"ஏனுங்க," என்றாள், "இத்தன பக்கத்துல இருந்துட்டு, ஒரு கொரல் குடுத்திருக்கக் கூடாதுங்களா?"