நாலாவது கத்தி

செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"உங்க வீட்டுக்காரரை ஸ்டேஷன்ல வெச்சிருக்கோம். பையில நாலு கத்தி இருக்கு. உடனே வாங்க."

தோட்டக்காரி பூவாளியை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள். முந்தின நாள்தான் கடைத்தெருவில் யாரோ ஒருவரை வெட்டிவிட்டு ஓடியிருந்தார்கள்.

கணவன் பெஞ்சு ஓரத்தில் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தான். பதறினால் அவனுக்கு வாய் திக்கும். மேசைமேல் நாலு கத்திகள் துருவேறிக் கிடந்தன.

"பழைய இரும்புக் கடையில வாங்கினாராம். எதுக்குன்னு கேட்டா முழிக்கிறார். நீங்களும் தோட்ட வேலைதானே, சொல்லுங்க. இது என்ன?" என்றார் ஆய்வாளர்.

"வேலிச் செடியைக் கழிக்கிற கத்தி சார். மூக்கு வளைஞ்சிருக்கே, அதால கிளையை இழுத்துப் பிடிக்கலாம்."

"இது?"

"துறட்டி சார். அந்தக் குழல்ல கம்பு மாட்டி உயரத்துல இருக்கிற கிளையை அறுக்கணும்."

மூன்றாவது, புல் அறுக்கும் அரிவாள். அதையும் சொன்னாள்.

நாலாவதை அவர் தூக்கிக் காட்டினார். கை நீளம், அகன்ற அலகு, கூரிய முனை. பிடி மட்டும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தது. அப்படியொன்றை அவள் பார்த்ததே இல்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடலாமா? கணவன் கண்ணாலேயே கெஞ்சினான்.

"இது எனக்குத் தெரியலை சார்."

"அப்ப ஆயுதம்தான்."

அவள் கையை நீட்டினாள். "ஒரே ஒரு தடவை கையில கொடுங்க சார்."

காவலர் ஒருவர் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். ஆய்வாளர் கொடுத்த கத்தியின் பிடியைப் பிடித்து அவள் மெதுவாகப் பக்கவாட்டில் அசைத்தாள், மணிக்கட்டு மடங்கியது. கீழ்நோக்கி அழுத்தினால் மட்டும் அலகு நேராக இறங்கியது.

"இதை வச்சு வீச முடியாது சார். நின்னுக்கிட்டு எதையோ அமுக்கி அறுக்கத்தான் செஞ்சிருக்காங்க."

கணவனுக்கு அப்போதுதான் குரல் வந்தது. "வை... வைக்கோல். இறுகின போரைத் துண்டு போடுறது. நம்ம உ... உரக்குழியில இறுகிக் கிடக்கிற எருவை வெட்டி எடுக்கலாம்னு வாங்கினேன்."

ஆய்வாளர் தானே பிடித்துப் பார்த்தார். பிறகு இரும்புக் கடைக்குப் போன் போட்டார். கடைக்காரர் 'ஆமாம், நான்தான் வித்தேன்' என்று சொல்ல எடுத்துக்கொண்ட அரை நிமிடம் அவளுக்கு அரை நாளாக இருந்தது.

"போங்க. கோணியில நல்லா சுத்தி எடுத்துட்டுப் போங்க."

வாசல் தாண்டியதும் அவள் கணவன் பக்கம் திரும்பினாள்.

"இனிமே அந்தக் கடைப் பக்கம் தலை வச்சுப் படுத்தீங்க, தெரியும் சேதி!"

"வி... விலை குறைவா இருந்துச்சு."

திட்ட வாயெடுத்தவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கோணியின் ஒரு முனையை அவள் பிடித்தாள், மறுமுனையை அவன். கோணிக்கு வெளியே நீட்டிய பிடியைப் பார்த்து எதிரே வந்தவர்கள் விலகி வழிவிட, இருவரும் தலைகுனிந்து வேகமாக நடந்தார்கள்.