பச்சைப் பொட்டு

திருவாரூர்க் கல்லூரியில் கணிதம் நடத்தும் கமருன்னிஸாவின் கணவர் ஜெக்கரியா, 'குரூப் தியரி' என்னும் குலக் கோட்பாட்டை மாணவிகள் கண்ணால் பார்க்கவென்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைசியாக எழுதிய புரோகிராம் அது. திரையில் ஒரு கனசதுரம். விரலால் தள்ளினால் கால் சுற்று சுழன்று, பழையபடியே வந்து நிற்கும். சுழன்றது தெரிய ஒரு முனையில் மட்டும் பச்சைப் பொட்டு வைத்திருந்தார். தினமும் அதைத் தொட்டுவிட்டுத்தான் அவள் வகுப்புக்குப் போவாள்.

அமைச்சர் அந்தத் திரையை முறைப்படி திறந்துவைக்க வரும் நாளன்று பிரின்சிபால் பதறினார். "பச்சை எதிர்க்கட்சி நிறம்மா! அழிக்கச் சொல்லிட்டேன்."

"வேற நிறம் வச்சிருக்கலாமே, சார்?"

"எந்த நிறம் வச்சாலும் ஏதாவது ஒரு கட்சிக்குப் போயிடுதேம்மா."

எரிவாயுக் கிணற்றுக்கு வயலைத் தர மாட்டோமென்று விவசாயிகள் மறியல் செய்ததால், அமைச்சர் ஊரைச் சுற்றித் தாமதமாக வந்தார். பலமுறை தள்ளிப் பார்த்தார். பொட்டில்லாத கனசதுரம் சுழன்று சுழன்று அப்படியே நின்றது.

"சுத்துது, ஆனா ஒண்ணும் மாறலையே!"

"அதுதாங்கய்யா நிலையான ஆட்சி!" என்றார் பிரின்சிபால். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

கூட்டம் கலைந்ததும் பொட்டைத் திரும்ப வைக்க அவள் உட்கார்ந்தாள். அமைச்சர் எந்தப் பக்கம், எத்தனை முறை தள்ளினாரோ? எட்டு முனைகளும் ஒன்றுபோல இருந்தன. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். ஜெக்கரியா பொட்டு வைத்த முனை எதுவென்று தெரியவில்லை.