ஏழாம் எண் வீட்டுக் கதவு

மூன்றாம் மாடியில் ஏழாம் எண் வீட்டின் கதவு, அன்றைக்குப் புதிதாக ஒன்றைத் தெரிந்துகொண்டு வராதவர்களுக்குத் திறப்பதில்லை. இது ஒரு புதன்கிழமை மாலை தொடங்கியது. அதற்கு முந்தின நாள், சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்கும் அப்பாவிடம் ஆறு வயது மகள், "இன்னிக்கு வேலைல என்னப்பா பாத்தே?" என்று கேட்டிருந்தாள். "என்னத்தப் பாக்கறது? மூட்டைதான்" என்று சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போய்விட்டார். மறுநாள் வீடு திரும்பினால் கதவு அசையவில்லை. பூட்டு போடவில்லை, தாழ்ப்பாளும் விழவில்லை. உள்ளேயிருந்து மனைவி இழுத்தாள்; வெளியேயிருந்து அவர் தோள் கொடுத்துத் தள்ளினார். ஒரே மூச்சில் இரண்டு மூட்டை ஏற்றுகிற தோள் அது. முக்கால் மணி நேரம் கழித்து வாசலிலேயே உட்கார்ந்து, "சர்க்கரை மூட்டை மழை நாள்ல கூடுதலா கனக்குது, இன்னிக்குத்தான் கவனிச்சேன், இங்க வந்தா கதவும் கனக்குது" என்று அலுத்துக்கொண்டார். கதவு திறந்துகொண்டது.

இரண்டே வாரத்தில் அதன் குணம் பிடிபட்டுவிட்டது. வெளியே போகிறவர்களை அது மறிக்காது. உள்ளே வருகிறவர் ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சொல்லியாக வேண்டும். ஒருவர் முதுகில் ஒட்டிக்கொண்டு இன்னொருவர் நுழைய முடியாது. ஒருமுறை கேட்டதை மறுபடி ஏற்காது. ஆரம்பத்தில் கீழ்வீட்டு ஊர்வம்புக்கெல்லாம் திறந்தது. பிறகு அதற்கும் அலுத்துவிட்டது. பாட்டில் தொழிற்சாலையில் விரிசல் பார்க்கும் வேலையிலிருந்த அம்மா, "விரிசல் விட்ட பாட்டிலத் தட்டினா சத்தம் சட்டுனு செத்துப்போவுது. நல்லது கொஞ்ச நேரம் பாடும்" என்று சொல்லி நுழைந்த நாளில், உள்ளே இருந்த மகள் வீட்டுப் பாத்திரம் முழுவதையும் கரண்டியால் தட்டிப் பார்த்துவிட்டாள். பதினைந்து வருடம் தரையைப் பார்த்தே மூட்டை சுமந்த அப்பா, இப்போது எடை போடுகிறவரிடமும் லாரி டிரைவரிடமும் நின்று நின்று பேசினார். எறும்பு இந்த மூட்டைக்கு வருது, அந்த மூட்டைக்கு ஏன் வரலை? முடிச்சை இப்படிப் போட்டா ஏன் நழுவலை? கூட வேலை செய்கிறவர்கள் முதலில், இவன் முதலாளியிடம் போட்டுக் கொடுக்கத்தான் விசாரிக்கிறான் என்று பேசிக்கொண்டார்கள். விஷயம் தெரிந்ததும், வேலை முடிகிற நேரத்துக்கு ஆளுக்கொரு சேதியோடு வந்து நின்றார்கள். "அண்ணே, இத வச்சு உள்ள போயிடலாம், பாருங்க."

அம்மாவின் அண்ணன் மட்டும் ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. அவருக்கு ரேடியோ மாமா என்று பெயர். வாசலில் நின்று மூன்று மணி நேரம், கிரகங்களில் தொடங்கி மூலநோய் வரைக்கும் தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னார். எல்லாம் எப்போதோ தெரிந்துகொண்டது. கடைசியில் ஜன்னல் கம்பி வழியாகக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, "கதவுக்கு மரியாதை தெரியல" என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

மகளுக்குப் பதிமூன்று வயதானபோது அப்பா படுத்தார். காய்ச்சல், குளிர், பத்தடி நடந்தால் மூச்சு இரைத்தது. முதலில் மாலையில் வந்து காலையில் போன காய்ச்சல், பிறகு போகவே இல்லை. ஆறாம் நாள் அவரை எழுப்பி உட்கார வைத்தாலே உதடு நீலம் பாய்ந்தது. மூன்று மாடி இறக்குவது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை. மகள் ஓடிப்போய்த் தெருமுனை டாக்டரைக் கூட்டி வந்தாள்.

"சீசன் காய்ச்சல்தான். எல்லாருக்கும் இருக்கு" என்றார் டாக்டர், படியேறும்போதே. கதவு திறக்கவில்லை. மகள் கதவின் குணத்தைச் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே, கல்லூரியில் படித்த நீள நீளமான நோய்ப் பெயர்களைச் சொல்லிப் பார்த்தார். கதவு சும்மா இருந்தது. வியர்வையில் சட்டை நனைந்தது. "ஏம்மா, எனக்கு முப்பது வருஷ அனுபவம்" என்று கதவிடமே வாதாடினார்.

உள்ளேயிருந்து அம்மா கத்தினாள். "அனுபவத்த அப்புறம் சொல்லுங்க சார்! அவர் மூச்சக் கேளுங்க, ஜன்னல்ல காத வைங்க!"

டாக்டர் கம்பியில் காதை வைத்தார். வெகுநேரம் பிடிக்கவில்லை. அவர் முகம் மாறுவதை மகள் பக்கத்தில் நின்று பார்த்தாள். பெரியவர்கள் பயப்படும்போது சிறுபிள்ளைகள் போல ஆகிவிடுவதை அவள் அன்றுதான் கண்டாள்.

"எனக்குத் தெரியலம்மா" என்றார் டாக்டர். "இப்படி ஒரு மூச்ச நான் கேட்டதில்ல. இது என்னன்னு எனக்குத் தெரியல."

கதவு திறந்தது. அதற்கு முன்னும் பின்னும் அது அவ்வளவு அகலமாகத் திறந்ததில்லை. அன்று கண்டதைச் சொல்லிவிட்டு மகளும் பின்னாலேயே நுழைந்தாள்.

உள்ளே வந்தவர் மருந்துப் பையைத் திறக்காமல் கேள்வி கேட்க ஆரம்பித்தார். அப்பாவுக்குப் பேச மூச்சில்லை. மகள்தான் சொன்னாள், மூன்று வாரமாக அப்பா வாசலில் நின்று சொன்ன அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். புதுசாக மாட்டுத் தீவன மூட்டை வந்திருக்கிறது. நடுவில் இருப்பது ஈரம்; அவிழ்த்தால் சாம்பல் மாதிரி தூள் பறக்கிறது. அதைத் தூக்கின நாலு பேருக்கும் சாயங்காலமானால் குளிர் எடுக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுப்பதில்லை.

"பூஞ்சைத் தூசி" என்றார் டாக்டர், மெதுவாக. "நெஞ்சுக்குள்ள போயிருக்கு." அன்று மாலையே ஆக்ஸிஜன் சிலிண்டரைத் தன் தோளிலேயே தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினார். வாசலில் நின்று, சிலிண்டர் என்ன கனம் கனக்கும் என்று இத்தனை வருடத்தில் இன்றுதான் தெரிந்தது என்றார், உள்ளே போனார். இரண்டு மாதத்தில் அப்பா எழுந்து நடமாடினார். மற்ற மூன்று பேரும் படுக்கைக்குப் போகாமலே தப்பினார்கள். தீவன மூட்டைகள் வெயிலுக்குப் போயின.

மகள் பூஞ்சைகளைப் படித்தாள். பட்டம் வாங்கினாள், இன்னொரு பட்டம் வாங்கினாள், கண்ணாடிக் கட்டிடத்தில் வேலைக்குப் போனாள். மூட்டை தூக்கும் குடும்பத்துக்கு இந்த அறிவு எங்கிருந்து வந்தது என்று ஆராய ஒரு குழு வந்தது. தாய்வழியா தந்தைவழியா, வீட்டில் எத்தனை புத்தகம் என்றெல்லாம் கேட்க அச்சடித்த தாள் வைத்திருந்தார்கள். முடிவை முன்பே எழுதிக்கொண்டு வந்திருந்ததால் ஒருவராலும் உள்ளே நுழைய முடியவில்லை. அறிக்கையில், வீடு பூட்டியிருந்தது என்று எழுதினார்கள்.

போன மாதம் மகள் பெரிய விருது ஒன்றை வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்தாள். வாசலில் நின்று, ஈரம் எந்த அளவைத் தாண்டினால் பூஞ்சை விழித்துக்கொள்கிறது என்று அன்று காலையில்தான் உறுதியான கண்டுபிடிப்பைச் சொன்னாள். கதவு அசையவில்லை.

"அத உங்கப்பா நேத்தே சொல்லிட்டாரும்மா" என்றாள் அம்மா உள்ளேயிருந்து. "கிடங்குப் பக்கம் போயி மூட்டையத் தொட்டுப் பாத்தாராம். வேற ஏதாவது வச்சிருக்கியா?"

 மகள் கைப்பையையும் விருதையும் வாசலிலேயே வைத்துவிட்டுக் கீழே இறங்கிப்போய், தெருவோரம் குடை ரிப்பேர் செய்கிறவரின் பக்கத்தில், அவர் வேலையைப் பார்த்தபடி குந்தி உட்கார்ந்தாள். அவர் நிதானமானவர். அவள் வீட்டுக்குள் போனபோது சாப்பாடு ஆறிப் போயிருந்தது. அம்மா அதை மறுபடி சூடு பண்ணினாள்.