ஒட்டுப் போட்ட சோங்கு

தடவாதேங்கோ மாமா. சாமிப் படத்தைத் துடைக்கிற மாதிரி அதைத் தடவாதேங்கோ.

வதனி இதை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு நின்றாள். டெக்சஸில், கேட்டி நகரத்திலிருந்து ஃப்ரீவேயில் மேற்கே போனால் வரும் பழைய துப்பாக்கிக் கடை அது. கண்ணாடி மேசையின் மேல் விரித்த துணியில் ராணுவம் கழித்துவிட்ட ரைஃபிள் ஒன்று கிடந்தது. அவளுடைய மாமனார் கோபாலசாமி அதன் மரத்தில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்திருந்தார்.

பெருந்துறைப் பக்கத்துக்காரர். இளவயதிலேயே பட்டாளத்தில் சேர்ந்து, ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். மாமி சாந்தாமணி இறந்துபோன பிறகு மகனோடு வந்து தங்கினார். க்ரீன் கார்டும் வந்துவிட்டது. டிவிக்கு முன்னால் அவர் வாடிக்கொண்டே போனது வதனியின் கணவன் ரஞ்சித்குமாருக்குத் தாங்கவில்லை. அப்பாவின் முகத்தில் வெளிச்சம் வரவைக்க ஏதாவது கிடைக்காதா என்று தேடித்தேடி இதைக் கண்டுபிடித்திருந்தான். இந்தியாவில் செய்தது. அங்கே வேலை முடிந்து, கப்பலேறி டெக்சஸ் வந்து சேர்ந்தது.

"ஏனுங்ப்பா, தேறுமுங்களா?"

"அட, இர்றா. பொண்ணு பாக்கப் போனாலே நாலு கேள்வி கேக்கறோமல்ல."

அவர் தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டை உருவி எடுத்தார். அதிலிருந்த நம்பரையும் துப்பாக்கியின் உடம்பில் பொறித்திருந்த நம்பரையும் கண்ணருகே வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒன்றுதான். மூக்கில் வைத்து எண்ணெயை முகர்ந்தார். பிறகு கையை நீட்டினார்.

"அம்மணி, ஒரு வெள்ளக் காயிதம் குடு சாமி."

கைப்பையிலிருந்த மளிகைக்கடை ரசீதை அவள் கொடுத்தாள். அவர் அதை மடித்து, போல்ட் இருந்த இடத்தில் வைத்து, குழலின் மறுமுனையில் கண்ணை வைத்தார். காகிதத்தில் பட்ட வெளிச்சம் குழலுக்குள் ஏறும் என்று மகனுக்குச் சொன்னார்.

"உள்ள கொஞ்சம் கருத்துக் கெடக்குது. ஆனா குழலுக்குள்ள வெட்டுன வரி அழியல. வந்து பாரு அம்மணி, மோதிரம் மோதிரமா சுத்திக்கிட்டுப் போகும்."

"வேண்டாம் மாமா. கண்ணாடி கொண்டுவரேல்லை."

கண்ணாடி அவள் தலைமேல்தான் இருந்தது.

அம்மணி. திருமணம் பேச வந்த அன்று அவர் அவளை அப்படிக் கூப்பிட்டபோது, அந்தச் சொல்லை அவள் முதன்முறை கேட்கிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். யாழ்ப்பாணத்துப் பெண், கோயம்புத்தூர்ப் பேச்சு புதிதாயிருக்கும் என்று மாமி சிரித்தார்.

அந்தச் சொல்லை அவள் ஏழு வயதில் கேட்டிருந்தாள். ஊரடங்கு போட்டிருந்த ஒரு காலையில், இந்தியாவிலிருந்து அமைதி காக்க வந்தவர்கள் என்று சொல்லப்பட்ட பட்டாளத்துக்காரர்கள் வீட்டுக் கதவைத் துப்பாக்கிச் சோங்கால் இடித்து உடைத்தார்கள். துப்பாக்கியின் அடிக்கட்டையைச் சோங்கு என்றுதான் அவள் ஊரில் சொல்வார்கள். பள்ளிக்கூடம் முடிக்காத அண்ணன் ஷாந்தனை வெளியே கொண்டுபோனார்கள். ஒருவர் மட்டும் உள்ளே நின்றார். சோங்கை நிலத்தில் ஊன்றி, உள்ளங்கையால் அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். "கண்ண மூடிக்க அம்மணி" என்றார். தமிழ் கேட்டதும் அவளுக்குப் பயம் குறைந்தது. அதைத்தான் அவளால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். வெளியே வெடிச் சத்தம் கேட்டது.

அந்த முகம் அவளுக்குத் தெரியாது. மூடுவதற்கு முன் கடைசியாகப் பார்த்தது, தன் முழங்காலுக்குப் பக்கத்தில் சோங்கின் அடியில் பதித்திருந்த உலோகத் தகட்டை.

அண்ணா ஷெல் குண்டு விழுந்து செத்தார் என்று ரஞ்சித்திடம் சொல்லியிருந்தாள். அவன் அப்பாவும் அந்த வருடம் யாழ்ப்பாணத்தில் இருந்தார் என்பது நிச்சயதார்த்தத்துக்குப் பிறகுதான் தெரிய வந்தது. கொங்கு நாட்டில் பிறந்த எந்த ஆணும் ஒரு சிறுமியை அம்மணி என்றுதான் கூப்பிடுவான். பட்டாளத்தில் அப்படி எத்தனை பேர் இருந்திருப்பார்கள். இதைத் தனக்குத்தானே சொல்லிச் சொல்லி அவள் குடித்தனம் நடத்தினாள். எந்த ஊரில் இருந்தீர்கள் மாமா என்று கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. கேட்காத வரைக்கும் அவர், மகள் வெண்பா கைக்குழந்தையாக விடிய விடிய அழுதபோது தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவில் நடந்த மனிதர். மருமகளுக்குக் காய்ச்சல் என்றால் ரசம் வைக்கத் தெரிந்த மனிதர்.

கடைக்காரர், பட்டாளத்தில் எங்கெல்லாம் வேலை பார்த்தீர்கள் என்று விசாரித்தார். கோபாலசாமி தன் ஆங்கிலத்தில் காஷ்மீர் என்றார், கொஞ்சம் நிறுத்தி ஸ்ரீலங்கா என்றார்.

ரஞ்சித் வழக்கமான ஜோக்கை எடுத்துவிட்டான். "எங்கப்பா இவ ஊரக் காப்பாத்தப் போனாரு. நான் இவளக் காப்பாத்த வந்தேன்." அதையே ஆங்கிலத்தில் கடைக்காரருக்கும் சொன்னான். விருந்து வீடுகளில் பலமுறை சொன்னது. வதனி சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள்.

மாமனார் சிரிக்கவில்லை. ரைஃபிளைத் திருப்பி அடிக்கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் கீழ் மூலையில் வேறு நிற மரத்தில் சின்னதாக ஒட்டுப் போட்டிருந்தது.

"இதென்னங்ப்பா, உடைஞ்சதா?"

"கதவு கிதவு இடிச்சிருப்பானுக. இடிச்சா இந்த மூலதான் மொதல்ல பேந்து வரும். அப்பறம் நாங்கதான் ஒட்டு..."

அவர் விரல் அந்த ஒட்டின் மேல் நின்றுவிட்டது. நிமிர்ந்து வதனியின் முகத்தைப் பார்த்தார்; அவள் அந்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்ப்பா?"

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்குது. உனக்குப் பிரியம்னா வாங்கிக்க."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ரஞ்சித் மட்டும் பேசிக்கொண்டு வந்தான்.

ஆயுத பூஜையன்று கராஜைக் கழுவிக் கோலம் போட்டார்கள். கார்ச் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். பாயின் மேல் லேப்டாப்புகள், அரிவாள்மணை, ஸ்குரூடிரைவர், வெண்பாவின் வயலின். நடுவில், வாழையிலை விரித்து, ரைஃபிள்.

"டாட், என் வயலின் பக்கத்துல கன்னா? திஸ் இஸ் சோ வியர்ட்" என்றாள் வெண்பா.

"பட்டாளத்துல இதுக்குத்தான் முதல் பூஜை, தெரியுமா? தாத்தாவக் கேளு. வது, பொட்டு வெய்யி. வீட்டுப் பொம்பள கையாலதான் வெக்கணும். அம்மா இருந்தா அவங்க வெச்சிருப்பாங்க."

வதனி சந்தனத்தைத் தொட்டாள், குங்குமத்தைத் தொட்டாள். வயலினுக்கு வைத்தாள். லேப்டாப்புகளுக்கும் அரிவாள்மணைக்கும் வைத்தாள். இலையருகே வந்ததும் மண்டியிட்டாள். அடிக்கட்டையின் தகட்டை யாரோ நன்றாகத் துலக்கியிருந்தார்கள். அதில் அவள் முகம் மங்கலாகத் தெரிந்தது.

"நான் வைக்க மாட்டன்."

"ஏய், ஆயுத பூஜையே ஆயுதத்துக்குத்தானம்மா." ரஞ்சித் சிரித்தான். "உங்க ஊரக் காப்பாத்துன..."

"ரஞ்சி, வாய மூடு."

மாமனார் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை.

"போ. புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போயி பொரிகடல எடுத்துட்டு வா."

அவர்கள் உள்ளே போய்க் கதவு சாத்தும் வரை காத்திருந்தார். பிறகு சிரமப்பட்டு, காரைப் பிடித்துக்கொண்டு, அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"உங்கண்ணன் ஷெல்லுல போகல. அப்படித்தானே?"

அவள் கையிலிருந்த குங்குமத்தைப் பார்த்தாள்.

"கடையில உன் மொகத்தப் பாத்தேன். அன்னிலிருந்து தூக்கமில்ல. அம்மணி, உங்க வீடு எந்த எடம்? ஊர்ப் பேர மட்டும் சொல்லு. எனக்கு ஒரு வீடு ஞாபகமிருக்குது. அது உங்க வீடு இல்லீன்னு தெரிஞ்சாப் போதும். அதுதான்னாலும் சொல்லிரு. இந்த வயசுல ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சுக்கிட்டுப் போயிடறேன்."

அவர் தரையில் ஊன்றியிருந்த கையை அவள் பார்த்தாள். அந்தக் கை என்னவெல்லாம் செய்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். பேத்திக்குத் தலை சீவியது, மாதுளம்பழம் உரித்துக் கிண்ணத்தில் போட்டு வைத்தது. மற்றது தெரியாது. ஊர்ப் பேர் ஒரு சொல்தான். நாக்கின் நுனியில் வந்து நின்றது. அவர் நினைவிலிருக்கும் வீடு அது இல்லை என்றால் அவர் நிம்மதியாகத் தூங்குவார், அவள் அண்ணனை யாரோ முகமில்லாதவன் கொண்டுபோனதாகவே இருக்கும். அதுதான் என்றால், அவர் அழுவார். அழுது முடித்து, இறக்கி வைத்தவராக எழுந்திருப்பார். அப்போதும் அவருக்குத்தான் இலேசாகும். அவள் அந்தச் சுவரைப் பார்த்தபடியே இருப்பாள்.

விரலில் இருந்த குங்குமத்தைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள்.

"கேக்காதேங்கோ மாமா" என்றாள். "நான் சொல்ல மாட்டன்."