ஐந்தாவது கவலை

1

இந்தக் கதை ஒரு விரலில் தொடங்கியது. ஒரு படத்தின் முன்னோட்டத்தில், ஒரு நிமிடம் நாற்பத்தேழாவது நொடியில், தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கை மேலே வருகிறது. கண் சிமிட்டினால் போய்விடும்.

படத்தின் பெயர் 'உப்புமகள்'. எங்கள் தீவுக்காரர் ஒருவர் வரைந்த பழைய சித்திரக்கதையிலிருந்து எடுத்தது. கடல் ஏறும்போது உப்புமகள் பறப்பாள், வற்றும்போது விழுவாள். அவள் கணவன் இல்டோ மீனவன். வலைக்கயிறு அறுத்ததில் இடது மோதிரவிரலில் பாதி இல்லை. இருபத்துமூன்றாம் இதழில் கடல் அவனை எடுத்துக்கொண்டது. அலையைத் திருப்பி அவனை வரவழைக்க அவளால் முடியும். வரவழைக்கவில்லை.

ஆகவே ரசிகர்கள் விரல் எண்ணுகிறார்கள். ஐந்து என்றால் அது யாரோ. நாலரை என்றால் இல்டோ. படத்தில் இறந்தவன் திரும்பி வருகிறான்.

நான் ரசிகன் இல்லை. ரசிகை என் மனைவி ஜோவெலின். பதினொரு மாதங்களுக்கு முன்பு டெங்குவில் இறந்தாள். வயது இருபத்தொன்பது. [இந்தத் தகவலை எங்கே வைப்பது என்று நான்கு நாள் யோசித்தேன். எங்கே வைத்தாலும் ஒன்றுதான்.]

2

கைவிட்ட தொடக்கங்கள்:

'எங்கள் ஊர் இலோயிலோவில் அன்று மழை—' மழை பெய்யவில்லை.

'ஜோவெலின் பறக்கும் பெண்களை நம்பினாள்.' இல்லை. விழும் பெண்ணைத்தான் நம்பினாள்.

'அரங்கில் அவளுக்காக ஒரு நாற்காலி காலியாக—' இதைப் படித்ததும் உங்களுக்குத் தொண்டை அடைத்திருக்கும். அதனால்தான் அடித்தேன்.

3

நடந்தது இதுதான். ஞாயிறு மாலை மூன்று மணி, லா பாஸ் சந்தையில் பட்சோய் என்னும் நூடுல்ஸ் சூப்புக் கடை. என் எதிரில் இருவர். டென்சியோ, ஏசி பழுது பார்ப்பவர், ரசிகர் சங்கத் தலைவர். ரூபிலின், ஜோவெலினின் தங்கை. நடுவில் நூடுல்ஸ் கிண்ணங்களும் ஒரு போனும். போனில் அந்தக் கை உறைந்து நின்றது.

"நாலரை," என்றார் டென்சியோ.

"அது நிழல், மனோங்," என்றாள் ரூபிலின். மூத்த ஆண்கள் எல்லோரும் அவளுக்கு மனோங், அண்ணன். "மொதல்ல கண்ணாடிய மாத்துங்க."

"போன மாசம்தான் மாத்துனேன். உன் போனத்தான் மாத்தணும். பாதித் திரை ஒடஞ்சு கெடக்கு."

"ஒடஞ்ச திரையிலயே அஞ்சு தெரியுதே!"

"ஒடஞ்சதாலதான்டி அஞ்சாத் தெரியுது." என் பக்கம் திரும்பினார். "தோதோ, தம்பி, நீ சொல்லு. நீதான் எந்தக் கட்சியும் இல்லாத ஆளு."

பார்த்தேன். நீலம், நுரை, ஒரு கை.

"நாலரை," என்றேன்.

ரூபிலின் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஜோவெலின் மனாங் இருந்திருந்தா இன்னிக்கு உங்கள வீட்டுக்குள்ள விட்டிருக்க மாட்டா."

கடைப் பெண் கேட்காமலே மூவர் கிண்ணத்திலும் சூப்பு ஊற்றிவிட்டுப் போனாள்.

"மனோங்," என்றாள் ரூபிலின் என்னிடம், குரலை இறக்கி. "நாலரையாத் தெரியுதா? இல்ல, நாலரையா இருக்கணும்னு ஆசையா?"

நான் சூப்பைக் குடித்தேன். சுட்டது என்று நினைக்கிறேன்.

டென்சியோ தொண்டையைச் செருமினார். "சனிக்கிழமை மொதக் காட்சி மொத்தமும் நம்ம சங்கத்துக்குத்தான். நூத்தி எம்பது பேர். கவலைய நீ படிக்கணும்."

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. விளக்கு அணையும் முன்பு ஒருவர் முன்னால் நின்று படத்தைப் பற்றிய கவலைகளைப் படிப்பார். ஒவ்வொன்றுக்கும் அரங்கமே 'வேண்டாம்!' என்று கத்தும். எப்போதும் ஜோவெலின்தான் படிப்பாள். இந்தப் படம் அறிவித்த அன்றே பட்டியலை எழுதிவிட்டாள். முன்னோட்டம் வரும்வரை அவள் இருக்கவில்லை.

"ரூபிலின் படிக்கட்டுமே," என்றேன்.

"நான் மூணாவதுக்குள்ள அழுதுருவேன். நீங்க அழ மாட்டீங்க."

[பாராட்டாகத்தான் சொன்னாள்.]

காகிதத்தை என்னிடம் தள்ளினாள். ஜோவெலினின் கையெழுத்து, வலப்பக்கம் சாய்ந்து ஓடும்:

'கவலை ஒன்று: உடை பளபளக்கும். உப்பு அப்படிப் பளபளக்காது.
இரண்டு: கடல் வற்றும்போது அவள் விழ வேண்டும் என்பதை மறந்துவிடுவார்கள்.
மூன்று: அவள் மாமியாரைக் கோமாளி ஆக்குவார்கள்.
நான்கு: சண்டைக்கு நடுவில் பாட்டு.
ஐந்து: இல்டோ திரும்பி வருவான்.
ஆசை ஒன்றுதான்: அவள் பறக்கும்போது கீழே நம் படகுத்துறை தெரிய வேண்டும்.'

4

இங்கே எனக்கு ஜோவெலின் மீது சந்தேகம் வந்துவிட்டது. என் மனைவி மீது இல்லை, நான் எழுதும் ஜோவெலின் மீது. ஒரு பட்டியலாக மட்டும் அவளை எப்படி விடுவது? எழுதுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. அதைப் பயன்படுத்தினேன்.

ஜோவெலின் ஈரத் தலையோடு அறைக்குள் வருகிறாள். [வருகிறாள். நிகழ்காலம். கவனித்தேன். மாற்றவில்லை.] அறையில் கணுக்கால்வரை கடல். எங்கள் இருவருக்கும் அதில் வியப்பில்லை. அவளுடைய செருப்புகள் ஒன்றையொன்று மெல்ல இடித்தபடி மிதக்கின்றன. ஜன்னலுக்கு வெளியே படகுகள், வெளிச்சத்தில் கட்டிப்போட்டதுபோல அசையாமல். அவள் மேசைமேல் ஏறி உட்கார்ந்து இதுவரை எழுதியதைப் படிக்கிறாள்.

"மூணாம் பகுதியில எல்லாரும் ஒருத்தர் முடிச்சப்புறம் ஒருத்தர் பேசுறாங்க. நம்ம ஆளுங்க என்னிக்கு அப்படிப் பேசுனாங்க?"

"படிக்கிறவங்களுக்குப் புரியணும்ல."

"டென்சியோ எச்சில் தெறிக்கத்தான் பேசுவாரு. அத ஏன் எழுதல?"

"எழுதிடறேன். ஜோவ், இல்டோ வந்தா என்ன தப்பு?"

"வந்தா, இத்தன வருஷம் அழுதவங்க எல்லாரும் முட்டாளுங்க."*

"அவளால கூப்பிட முடியும்ல?"

"முடியும். அலையத் திருப்புனா அன்னிக்குக் கரைக்கு வந்துட்டிருந்த மத்த படகெல்லாம் என்ன ஆவும்? அதான் கூப்பிடல. அவ பலம் பறக்குறதுல இல்லப்பா. அவனக் கூப்பிடாம விட்ட அந்த ஒரு பக்கத்துலதான் இருக்கு."

பிறகு குனிந்து தன் காலைப் பார்க்கிறாள். தண்ணீரைப் பார்க்கிறாள். என்னைப் பார்க்கிறாள்.

"இரு. அப்போ என் அஞ்சாவது கவல படம் இல்ல. நீதான். என்னத் திரும்பக் கூப்பிட்டுட்ட."

இந்த இடத்தில் அவளைச் சிரிக்கவைக்க நினைத்தேன். சிரித்தால் அவள் முன்பற்களுக்கு நடுவே—

* இது அவள் உண்மையில் சொன்னது. வாயில் மாங்காய் இருந்ததால் 'முட்டாளுங்க' பாதிதான் கேட்டது. மற்றவற்றை நான் எழுதினேன். எனக்கு எதிராக இவ்வளவு நன்றாக எழுத முடியும் என்று தெரியாது.

5

இன்று வியாழன். மூன்று முடிவுகள் எழுதியிருக்கிறேன்.

அ. ஐந்தையும் படிக்கிறேன். அரங்கம் கத்துகிறது. படத்தில் இல்டோ வரவில்லை. வெளியே வந்து எல்லோரோடும் சாப்பிடுகிறேன். [சரியான முடிவு. உயிர் இல்லை.]

ஆ. நான்கோடு நிறுத்தி நன்றி சொல்கிறேன். கவலையே நான்குதான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ரூபிலின் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். இரண்டு மணி நேரமும்.

இ. ஐந்தையும் படிக்கிறேன். அரங்கம் கத்துகிறது. ஆனாலும் இல்டோ வருகிறான். நாலரை விரல். நூற்றெண்பது பேர் காறித் துப்பாத குறை. நான் ஒருவன் மட்டும் சந்தோஷத்தில் கைதட்டுகிறேன். [இதை எழுதிவிட்டு நிஜமாகவே கைதட்டிப் பார்த்தேன். பதினொரு மாதத்தில் முதல் முறை. அவள் என்ன முகம் காட்டுவாள் என்று தெரியும். ஆனாலும் இந்த முடிவை அடிக்கவில்லை.]

மூன்றில் எதையும் என்னால் தேர்ந்தெடுக்க முடியவில்லை. காரணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐந்தாவதைப் படித்தால் எல்லோரும் 'வேண்டாம்' என்று கத்துவார்கள். அவர்கள் சொல்வது இல்டோவை. எனக்கு வேறு பெயர் கேட்கும். படிக்காமல் விட்டால், அவள் இந்தப் படத்தைப் பற்றி எல்லாவற்றையும்விட உறுதியாகச் சொன்ன ஒன்றை நான் விழுங்கிவிட்டேன் என்று ஆகும்.

ஆகவே, சனிக்கிழமை காலை பத்தரை. நான்காவது கவலைக்கான கூச்சல் இப்போதுதான் அடங்குகிறது. யாரோ ஒருவர் மட்டும் தாமதமாக 'வேண்டாம்' என்கிறார், சிரிப்பு. டென்சியோ தலையசைக்கிறார். இன்னும் ஒரு வரி இருக்கிறது.

இதற்கு மேல் நான் எழுதவில்லை. காகிதத்தைப் பிடியுங்கள், மைக்கையும். அந்த வரி உங்களுக்குத் தெரியும். மடித்துப் பையில் வைத்துக்கொண்டாலும் உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

படிப்பதானால், மெதுவாகப் படியுங்கள்.