எப்படிப் போடுறேன்னு யாரு கேட்டீங்க?

டிப்போவில் எல்லாருக்கும் அவள் ஸ்டியரிங் அக்கா. பெயர்தான் அப்படி, ஒரு மாதமாக அவளை டிக்கெட் கவுண்டரில் உட்கார வைத்திருந்தார்கள். காரணம், ஒரு நாள் சிக்னலில் பஸ்ஸை நிறுத்தியவளுக்குக் கண் சொருகிவிட்டது. பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்துத்தான் எழுப்பின. தைராய்டு சரியாகச் சுரக்காவிட்டால் அப்படித்தான், உடம்பு நனைந்த மூட்டையாகக் கனக்கும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். ஆனால் டாக்டர் டிப்போவுக்கு அனுப்பிய சீட்டில், "மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொள்வதில்லை" என்று எழுதியிருந்தார். அந்த வரியைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. மறுபடியும் இப்படி ஒரு சீட்டு வந்தால் வண்டியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று மேனேஜர் சொல்லியாகிவிட்டது.

இன்று டாக்டர் புது ரிப்போர்ட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"போன தடவை டோஸ் அதிகம்னு காட்டுச்சு, குறைச்சேன். இப்பப் பார்த்தா பத்தலைங்குது. அதுக்கு முந்தியும் இதே கூத்துதான். உண்மையைச் சொல்லுங்கம்மா, நடுநடுவுல விட்டுடுறீங்களா?"

"ஒரு நாள்கூட விட்டதில்ல."

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க."

பக்கத்து நாற்காலியிலிருந்த வீட்டுக்காரர் அவள் முழங்கையைத் தொட்டார். "கோபப்படாதம்மா, பிரஷர் ஏறிடும்."

"ஏறட்டும்! அதுவாவது ஒரே பக்கமா ஏறட்டும்!" அவள் டாக்டர் பக்கம் திரும்பினாள். "லேபை மாத்தச் சொன்னீங்க, மாத்தினேன். அங்க ஊசி குத்துறவங்களும் 'மாத்திரை போடுறீங்களா'ன்னு கேட்டாங்க. என் நாத்தனார் கேக்குறா. டிப்போ வாட்ச்மேன் கேக்குறாரு, கண்ணாடியை நெத்தியில வச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடுற மனுஷன்! போடுறியா, போடுறியான்னு குடைஞ்சீங்களே, எப்படிப் போடுறேன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

டாக்டர் ஏதோ சொல்ல வந்தார். அவள் விடவில்லை.

"காலை டூட்டின்னா இருட்டுலயே எழுந்து, வெறும் வயித்துல தண்ணியோட முழுங்கிட்டு ஓடுறேன். ரெண்டு மாசம் கழிச்சு மதிய டூட்டிக்கு மாத்துவாங்க, அப்புறம் திரும்பக் காலைக்கு. மதிய டூட்டின்னா நிதானமா எழுந்திருப்பேன். இவரு பால் டீயும், எலும்பு டாக்டர் கொடுத்த கால்சியம் மாத்திரையும், உங்க மாத்திரையும் ஒரே தட்டுல வச்சு எடுத்துட்டு வருவாரு. நான் முழுங்குறதைப் பார்த்துட்டுத்தான் நகருவாரு. இதுக்கு மேல என்னய்யா ஒழுங்கு?"

டாக்டரின் பேனா நின்றது. "கால்சியத்தையும் சேர்த்தா?"

"சேர்த்துத்தான்."

அவர் பழைய ரிப்போர்ட்டுகளையெல்லாம் எடுத்து மேசையில் பரப்பி, எது எந்த டூட்டியில் எடுத்தது என்று கேட்டார். மருந்து பத்தவில்லை என்று காட்டியதெல்லாம் மதிய டூட்டி மாதங்கள்.

"கால்சியம் இந்த மருந்தை உடம்புல சேர விடாதும்மா," என்றார், குரல் தணிந்து. "நாலு மணி நேரமாவது தள்ளிப் போடணும். பால் டீயும் கூடவே குடிக்கக் கூடாது. ஒரு டூட்டியில முழுசா சேர்ந்திருக்கு, இன்னொண்ணுல சேரல. நான் பாட்டுக்கு டோஸை ஏத்தி இறக்கிட்டு இருந்திருக்கேன்."

வீட்டுக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"இனி ஒரே மாதிரி போடுங்க. ஆறு வாரம் கழிச்சு டெஸ்ட் எடுப்போம். அதுவரைக்கும் பஸ் வேண்டாம்."

"அது நியாயம். வண்டியில இருக்குறதும் உயிருங்கதான். காத்திருக்கேன். ஆனா டிப்போவுக்கு எழுதின அந்த வரிக்கு என்ன பதில்?"

"அது அனுப்பியாச்சேம்மா."

"அப்ப புதுசா எழுதுங்க. நான் மருந்தை விடலைன்னு எழுதுங்க. எப்படிப் போடணும்னு நீங்க சொல்லலைன்னும் எழுதுங்க."

அடுத்த நோயாளி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். அவள் அசையவில்லை. டாக்டர் பெருமூச்சு விட்டு எழுதி நீட்டினார். அவள் நிதானமாகப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"ரெண்டாவது விட்டுப்போச்சு."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து அதையும் எழுதினார்.

வெளியே வந்ததும் வீட்டுக்காரர் மெல்ல ஆரம்பித்தார். "உனக்கு நல்லதுன்னு நினைச்சுத்தான்..."

"தெரியும். அதனாலதான் உங்களை வாய்விட்டுத் திட்டவும் முடியல. வேகமா நடங்க, மேனேஜர் கிளம்புறதுக்குள்ள போகணும். இதை அவரு எல்லார் முன்னாடியும் சத்தமாப் படிக்கணும்."

அவள் படியிறங்கிவிட்டாள். அவர் ஓட்டமும் நடையுமாகப் பின்னால் போனார்.