இரண்டாம் ஓலை

இஞ்ஞாசி அண்ணன் எங்கள் ஆபீஸ் மாடிப்படி ஏறினால் கீழே நேந்திரங்காய் சிப்ஸ் போடுகிறவருக்கும் தெரியும். அவ்வளவு சத்தம். கோட்டாறில் கல்யாணத் தகவல் நிலையம் நடத்துகிறவர். போட்டோ ஆல்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்த மனிதரை வெப்சைட் என்ற வம்பில் இழுத்துவிட்டது, வெப்சைட் செய்யும் வேலையில் இருந்த நான்தான். 2010-ஆம் வருஷம் அது. கடற்கரை ஊர்களில் கல்யாணத்துக்கு நின்ற பையன்களில் பாதிப்பேர் கல்ஃபில் இருந்தார்கள். ஆல்பம் அவ்வளவு தூரம் போகாது, வெப்சைட் போகும் என்று சொல்லித்தான் சம்மதிக்க வைத்தேன்.

ஒருநாள் வந்ததும் வராததுமாகச் சண்டை. தோஹாவிலிருந்து ஒருவன் போனில் ஏசினானாம். இருபத்துமூன்று வயது நர்ஸ் என்று எழுதியிருக்கிறது, பக்கத்துப் படத்தில் அவன் அத்தை வயதில் ஒருத்தி சிரிக்கிறாள் என்று. என் கம்ப்யூட்டரில் திறந்து காட்டினேன். நர்ஸுக்கு நேரே நர்ஸ்தான் இருந்தாள்.

"இங்க செரியாத்தான் இருக்கு. அங்க இருந்து பாத்தாத்தான் மாறுது மக்கா" என்றார்.

படத்துக்கும் விசா மாறுமா அண்ணா என்று கேட்டுச் சிரித்தேன். அந்த வாரம் எதற்கெடுத்தாலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

காரணம் ஷிஜின். இனயம்காரன், சவூதியில் தம்மாமில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்கீப்பர். அம்மா என் விவரத்தையும் அதே வெப்சைட்டில் ஏற்றச் சொல்லியிருந்தாள். பிள்ளையார் பிடிக்கிறவளே பிள்ளையாருக்கு முன்னால் வரம் கேட்டு நின்றது மாதிரி, என் படத்தை நானே ஏற்றினேன். சாப்பாட்டு இடைவேளையில் ஸ்டோர் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, ரெஜிஷாவைப் பிடித்திருக்கிறது என்று அவன் இஞ்ஞாசி அண்ணனுக்குப் போன் செய்தான். அவன் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து என்னைப் பார்த்து, கையைப் பிடித்து முத்தமும் கொடுத்துவிட்டுப் போனார். அதன்பிறகு அவன் அடிக்கடி போன் செய்வான். தேங்காய்ப்பட்டணம் கோவிலில் முந்தின ஞாயிற்றுக்கிழமை எங்கள் முதல் ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் அறிவிக்கவும் என்று மூன்று வாரம் வாசிப்பார்கள். இருபத்தெட்டு வயது வரைக்கும் மற்றவர்கள் பெயரையே கேட்டுக்கொண்டிருந்த காதுக்கு அது சுகமாக இருந்தது. மறைப்பானேன்.

ஒருநாள் போனில், நீ சிரித்தால் கன்னத்தில் குழி விழுகிறது என்றான். போனை வைத்துவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்று எல்லா விதமாகவும் சிரித்துப் பார்த்தேன். குழியைக் காணோம். காதல் வந்தால் ஆண்கள் இப்படித்தான் இல்லாததையும் பார்ப்பார்கள் போல என்று விட்டுவிட்டேன்.

தோஹாக்காரன் எந்தக் கம்ப்யூட்டரில் பார்த்தான் என்று விசாரித்தால், ஆபீஸ் கம்ப்யூட்டர்தான். பழைய விண்டோஸ் எக்ஸ்பி, அதில் பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரர், ஆறாம் பதிப்பு. அங்கே பல கம்பெனிகளில் அதைத்தான் வைத்திருந்தார்கள். புதிதாக எதையும் ஏற்ற விடமாட்டார்கள். அப்படி ஒரு பழைய மெஷின் எங்களிடம் இல்லை. அதனால் என் கம்ப்யூட்டருக்குள்ளேயே விர்ச்சுவல் மெஷின் ஒன்றை உண்டாக்கினேன். கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர். ஒரு ஜன்னலுக்குள் எக்ஸ்பி எழுந்து, பச்சைப் புல்வெளியும் நீல வானமுமாக நின்றது. உள்ளே இருப்பதற்குத் தனி கரண்ட் வேண்டுமா என்று இஞ்ஞாசி அண்ணன் கேட்டார்.

அதற்குள் எக்ஸ்புளோரரைத் திறந்து எங்கள் வெப்சைட்டைப் போட்டேன். இடது பக்கம் படம், வலது பக்கம் விவரம், இதுதான் என் அமைப்பு. அந்தப் பழைய பிரவுசர் படத்தின் ஓரத்தில் நான் விட்ட இடைவெளியை இரண்டு மடங்காக்கி, இடம் போதாமல் படத்தைக் கீழே தள்ளியிருந்தது. ஒவ்வொரு படமும் அடுத்தவள் விவரத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. நர்ஸுக்கு நேரே அத்தை. ஓ இதுதானா என்று கீழே இறக்கிக்கொண்டே போனேன்.

ரெஜிஷா, எம்.சி.ஏ., தேங்காய்ப்பட்டணம். அதற்கு நேரே, எனக்கு முந்திப் பதிந்த பெபிஷா, பச்சைச் சேலையில், கன்னத்தில் குழி விழச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இஞ்ஞாசி அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் படியிறங்கிப் போய்விட்டார். அன்று அவர் இறங்கிய சத்தமே கேட்கவில்லை.

திருத்துவதற்கு ஒரே ஒரு வரி போதும். எழுதிச் சேர்த்ததும் படங்கள் எல்லாம் நல்ல பிள்ளைகளாக அவரவர் இடத்துக்குத் திரும்பின. ஷிஜின் பார்த்தது மட்டும் பார்த்ததாகவே இருந்தது.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா பெயர் விக்டோரியா. மீன் வியாபாரத்தில் எதையும் மறைத்து விற்காதவள். ஆனால் மகள் விஷயம் வேறு.

"ஏட்டி, நீ வாயத் தொறக்கப்பிடாது. அவனுக்க அம்மைக்கு உன்னப் பிடிச்சிருக்கு. அவன் வந்து பாத்தா எல்லாம் செரியாவும்."

வந்து இறங்கினால் ஏர்போர்ட்டில் அவன் என்னைத் தாண்டி வேறு ஒருத்தியைத் தேடுவான் அம்மா என்றேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அந்தக் குரலை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. சும்மா இருந்துவிடு, சும்மா இருந்துவிடு என்று மனசு கெஞ்சியது.

ஆனாலும் இரண்டு திரைகளையும் படம் பிடித்து அவனுக்கு மெயில் அனுப்பினேன். நீங்கள் பார்த்தது இது, நான் இது. சந்தேகம் இருந்தால் அதே ஸ்டோர் கம்ப்யூட்டரில் மறுபடி திறந்து பாருங்கள், சரி செய்துவிட்டேன் என்று எழுதினேன்.

மறுநாள் சாயங்காலம் போன் வந்தது. திறந்து பார்த்தானாம்.

"அந்தப் பிள்ள யாரு?" என்றான்.

அழுகை வரும் என்று நினைத்தேன், கோபம்தான் வந்தது. அவளுக்கு ஈஸ்டர் கழிந்து கல்யாணம் முடிந்துவிட்டது, இஞ்ஞாசி அண்ணன் படத்தை எடுக்கச் சொல்ல மறந்துவிட்டார் என்று சொன்னேன்.

"அப்பம் செரி. ஓலை வாசிக்கட்டும். அம்மைக்கும் உன்னப் பிடிச்சிருக்கு."

அன்பாகத்தான் சொன்னான். கெட்டவன் இல்லை. முதல் கேள்வியாக அதைக் கேட்காமல் இருந்திருந்தால், அந்தச் 'செரி'யை நான் இரண்டு கையாலும் வாங்கியிருப்பேன்.

"வேண்டாம் ஷிஜின்" என்றேன். "நீங்க கேட்டது அவள. அவ இல்லன்னதும் நான்னா, எனக்கு அது செரியாவாது."

சனிக்கிழமை பங்குத்தந்தையிடம் போனேன். தடை என்ன என்று கேட்டார். எக்ஸ்புளோரர் ஆறு என்றால் அவருக்கு விளங்காது. "அவரு கட்டச் சம்மதிச்சது என்னய இல்ல ஃபாதர்" என்றேன். அவர் நோட்டை எடுத்து எங்கள் பெயர்களை அடித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் வேறொரு ஜோடிக்கு ஓலை வாசித்தார். தடை அறிந்தவர்கள் அறிவிக்கவும் என்று முடித்தார். எங்கள் பெயருக்காக நிமிர்ந்த தலைகள் திரும்பி என்னைப் பார்த்தன. அம்மா என் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். பூசை முடியும்வரை விடவில்லை.